தோலும் ஆறும்: பாலாற்றங்கரையில் வளர்ச்சியைக் கேள்வி கேட்டவர்களின் வரலாறு

பொருளாதார வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள பகையைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் மாநாட்டு அரங்குகளில் பிறந்தவையாகவே எழுதப்படுகின்றன. வட ஆர்க்காட்டில் அந்த வாதம் கிணற்றடியில் பிறந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை, வாலாஜாப்பேட்டை ஆகிய ஊர்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றியிருந்த தோல் பதனிடும் தொழில், 1970களுக்குப் பின் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் தொழில்களின் முன்வரிசைக்கு வந்தது. அதே காலத்தில் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புக் கரிக்கத் தொடங்கின. இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. அன்றோ, அதை நிறுவுவதற்கு உழவர்களும் குடிமக்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் நிறுவிய பின்னும், இழப்புக்கு ஈடு செய்ய வேண்டியவர் யார் என்ற கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கல்பாக்கத்தை அடுத்த வாயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இந்த ஆற்றை, அதன் கரையில் வாழ்ந்தவர்கள் ஒருபோதும் வறண்ட ஆறாக எண்ணியதில்லை. மணலுக்கு அடியில் நீரோட்டம் இருந்தது. மணலைத் தோண்டி ஊற்றுக்கால்கள் எடுத்து வயலுக்கு நீர் கொண்டுசென்றார்கள். கரையோரக் கிணறுகளில் கோடையிலும் நீர் வற்றாமல் நின்றது. மேற்பரப்பில் ஓடும் ஆறு மாசுபட்டால் அடுத்த வெள்ளம் அதைக் கழுவிச் சென்றுவிடக்கூடும். நிலத்துக்குள் ஓடும் ஆறு மாசுபட்டால் அந்த மாசு அங்கேயே தங்கிவிடும். பாலாற்றின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி இன்றியமையாதது.

தோல் தொழில் இங்கே நிலைகொண்டதற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடின. பதனிடுதலுக்குத் தேவையான துவர்ப்புப் பொருள் ஆவாரஞ்செடியின் பட்டையிலிருந்து கிடைத்தது. அந்தச் செடி இப்பகுதியின் வறண்ட மேடுகளில் தானாக வளர்ந்தது. கடுக்காய் அருகிலிருந்த மலைகளில் கிடைத்தது. ஆற்றங்கரைக் கிணறுகளில் நன்னீர் இருந்தது. தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டதும், பின்னர் அது ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டதும், சென்னைத் துறைமுகத்தை இவ்வூர்களின் வாசலுக்கே கொண்டுவந்தன. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பிற மாவட்டங்களிலிருந்து வந்திறங்கின. பதனிட்ட தோல் சென்னை பெரியமேட்டிலிருந்த தோல் மண்டிகள் வழியாக இலண்டன் ஏலச்சந்தைக்குப் போயிற்று. தோலைத் தொடுவதே தீட்டு என்று சாதி இந்துக்கள் விலகி நின்றதால், வணிகம் பெரும்பாலும் இப்பகுதியின் முஸ்லிம் குடும்பங்களின் கைக்கு வந்தது. குழியில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். தொழில் சேர்த்த செல்வத்தின் ஒரு பகுதி பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் அவ்வூர்களில் இன்றும் நிற்கிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும்.

ஆவாரம்பட்டைப் பதனீட்டில் உருவான இந்தத் தோலை ஆங்கிலேய வணிகர்கள் கிழக்கிந்தியத் தோல் என்று அழைத்தனர். இது முழுமையாக முடிக்கப்பட்ட தோலன்று. இலண்டனிலும் பிற ஐரோப்பிய நகரங்களிலும் மீண்டும் பதனிடப்பட்டு, சாயமேற்றப்பட்டு, மெருகூட்டப்பட்ட பின்பே அது காலணியாயிற்று. முதல் உலகப் போரில் படைவீரர்களின் காலணிக்கு இந்தத் தோல் பேரளவில் தேவைப்பட்டபோது அரசே கொள்முதலில் இறங்கியது. போர் முடிந்த கையோடு, 1919இல், பதனிடாத பச்சைத் தோலின் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பேரரசுக்குள்ளேயே பதனிடப்படும் தோலுக்கு அவ்வரியில் பெரும்பகுதி திருப்பித் தரப்பட்டது. தோலை எந்த நிலையில் எங்கே அனுப்புவது என்பதை அரசின் வரிக்கொள்கை தீர்மானிக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் விடுதலை பெற்ற இந்தியாவும் அதே கருவியை எடுத்து, முற்றிலும் வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தியது.

குரோமியப் பதனீடு இந்தப் பகுதிக்கு வந்த வழி ஒரு வரலாற்று முரண் நிறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் புதிய முறையை அரசுச் செலவில் இங்கே சோதித்துப் பார்த்தார். கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீரிறைக்கும் கவலைக்குத் தேவையான தோற்பைகள், ஆவாரம்பட்டைத் தோலால் செய்தால் நீரில் ஊறி விரைவில் மக்கிவிடுகின்றன, குரோமியத் தோல் நீரைத் தாங்கி நெடுநாள் உழைக்கும் என்பது அவர் அம்முறைக்குக் கண்ட முக்கியப் பயன்களுள் ஒன்று. கிணற்றுப் பாசனத்துக்கு உதவவென்று வந்த குரோமியம், எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அதே கிணறுகளின் பெயரால் வழக்குமன்றம் ஏற நேர்ந்தது. அரசு தொழில் நடத்தலாகாது என்ற இலண்டனின் கொள்கையால் 1910ஐ ஒட்டி அந்த முயற்சி கைவிடப்பட்டாலும், தனியார் அதை எடுத்துக்கொண்டனர். சென்னைக்குத் தெற்கே ஜார்ஜ் சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரே குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயராக நிலைத்தது. ஆயினும் வட ஆர்க்காட்டின் பெரும்பான்மைத் தொழிற்கூடங்கள், அதாவது பேச்சுவழக்கில் தோல் ஷாப்புகள், நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆவாரம்பட்டையையும் பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையையும் நம்பியே இயங்கின.

1972ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு விந்தையான சந்திப்பு. அவ்வாண்டில்தான் வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்று வாதிட்ட ரோம் மன்றத்தின் அறிக்கை வெளியாயிற்று. ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் மனிதச் சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. அதில் பேசிய பிரதமர் இந்திரா காந்தி, வறுமையும் தேவையுமே மிகப்பெரிய மாசுபடுத்திகள் அல்லவா என்ற கேள்வியை எழுப்பி, ஏழை நாடுகளின் வளர்ச்சியைச் சூழலின் பெயரால் தடுக்கலாகாது என்று வாதிட்டார். அதே ஆண்டில் இந்திய அரசு அமைத்த சீதாராமய்யா குழு, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணி முதலிய பொருட்களையும் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973 முதல் ஏற்றுமதி அளவுக் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. 1948இல் அடையாற்றில் நிறுவப்பட்டு, நாயுடம்மாவின் தலைமையில் உலகப் பெயர் பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், முடித்த தோலுக்கான நுட்பங்களைத் தொழிற்கூடங்களுக்குக் கொண்டுசேர்த்தது.

தேசிய நோக்கில் இந்தக் கொள்கையைக் குறை சொல்வது எளிதன்று. மூலப்பொருளை விற்றுவிட்டு அதே பொருளை முடித்த வடிவில் வாங்கும் காலனிய உறவை உடைக்க விரும்பும் எந்த நாடும் இதையே செய்திருக்கும். ஆனால் அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் கூடுதல் மதிப்பு, கூடுதல் வேலை, கூடுதல் டாலர் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தார்களே தவிர, கூடுதல் நீர், கூடுதல் உப்பு ஆகிய இரண்டையும் எங்கும் எழுதிவைக்கவில்லை. மேலை நாடுகளிலோ சூழல் சட்டங்கள் கடுமையாகி, அங்கிருந்த பதனீட்டுக்கூடங்கள் மூடப்பட்டுவந்த காலம் அது. அங்கே வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட ஈரவேலை எந்த ஆற்றங்கரைக்கு இடம் பெயரும் என்ற கேள்வியை அன்று கேட்டவர் எவருமில்லை.

பதனீட்டில் நீர் எங்கே செலவாகிறது, எங்கே கெடுகிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்த்தால்தான் பின்னால் எழுந்த வாதங்கள் விளங்கும். உரிக்கப்பட்ட தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு வரை உப்பு தடவப்படுகிறது. கூடத்துக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்து அந்த உப்பையும் இரத்தத்தையும் அழுக்கையும் கழுவுவது. அடுத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் இட்டு மயிரைக் களைகிறார்கள். குழிகளில் மயிரும் புரதமும் கரைந்து வெளிவரும் இந்தக் கட்டத்தின் நாற்றமே ஊர் எல்லையிலேயே தோல் ஷாப்பை அடையாளம் காட்டுவது. பின்னர் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் சீவியெடுத்து, சுண்ணாம்பை நீக்கி, மீண்டும் உப்பும் கந்தக அமிலமும் சேர்த்து ஊறவைக்கிறார்கள். அதற்கு மேல்தான் பதனீடு. ஆவாரம்பட்டை முறையில் இது குழிகளில் பல வாரங்கள் நடக்கும். குரோமிய முறையிலோ, சுழலும் மரப்பீப்பாய்க்குள் குரோமியம் சல்ஃபேட்டோடு சேர்த்து உருட்டினால் ஒரே நாளில் முடிந்து, தொழிலில் வெட் புளூ எனப்படும் வெளிர்நீல ஈரத்தோல் வெளிவரும். வழக்கமான முறையில், இட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறிவிடும். ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீரும், செயல்முறை முழுவதிலும் ஏறக்குறைய 170 வகை வேதிப்பொருட்களும் செலவாவதாகப் பின்னாளில் நீதிமன்றப் பதிவுகளில் குறிக்கப்பட்டது.

பட்டை முறை தூய்மையானது, குரோமிய முறையே மாசு என்று எண்ணுவது பிழையாகும். பட்டை முறையின் கழிவும் கருநிறத்தோடு நாறியது, உப்பும் சுண்ணாம்பும் அதிலும் இருந்தன. மாறியது வேகம். பல வாரங்களின் வேலை ஒரு நாளில் அடங்கியபோது, அதே குழிகளும் அதே கிணறுகளும் பலமடங்கு தோலைத் தாங்க வேண்டியிருந்தது. மக்களின் அச்சம் குரோமியம் என்ற பெயரைச் சுற்றியே சுழன்றாலும், பாலாற்று நிலத்தை உண்மையில் அழித்தது பெரும்பாலும் சாதாரண உப்புதான். சோடியம் மிகுந்த நீர் பாய்ந்த களிமண், மழை பெய்தால் குழைந்து, காய்ந்தால் கல்லாக இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் அடைத்துக்கொள்ளும். வரப்போரங்களில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். நெல் முதலில் கைவிடும், தென்னை சில ஆண்டுகள் தாக்குப்பிடித்துப் பின் குரும்பையை உதிர்க்கத் தொடங்கும். இந்த உப்பு நஞ்சன்று என்பதே அதன் மீதான புகாரை நெடுநாள் தள்ளிப்போட உதவியது.

புகார்கள் சட்டத்தின் வாயிலை எட்டிய வேகம் மிக மெதுவானது. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 1974இல் இயற்றியபோதிலும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல்தான் அமைந்தது. 1987இல் கான்பூரின் ஜாஜ்மாவ் பகுதிப் பதனீட்டுக்கூடங்கள் கங்கையில் கழிவை விடுவதற்கு எதிராக வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், கூடங்களை மூடினால் வேலையும் வருவாயும் போகும் என்றாலும் மக்களின் உயிருக்கும் நலத்துக்கும் அவற்றைவிட மதிப்பு மிகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1989இல் தமிழ்நாடு அரசு, மிகுதியாக மாசுபடுத்தும் தொழில்களை ஆறு, ஓடை, நீர்த்தேக்கம் ஆகியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாகத் தொடங்கலாகாது என்று ஆணையிட்டது. ஏற்கெனவே கரையில் நின்ற நூற்றுக்கணக்கான கூடங்களுக்கு இது பொருந்தவில்லை.

இந்த மெதுவான நடையோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு நிகழ்ச்சி அதே காலத்தில் நடந்தது. தோலில் பூஞ்சை படியாமல் தடுக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளை ஜெர்மனி 1989இன் இறுதியில் தடைசெய்து, அதன் எச்சமுள்ள தோலை இறக்குமதி செய்யவும் மறுத்தது. சில ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டின் கூடங்கள் மாற்று வேதிப்பொருளுக்கு மாறின, அரசு தடை விதித்தது, ஆய்வுக்கூடங்கள் சான்றிதழ் வழங்கத் தொடங்கின. ஃபிராங்க்ஃபர்ட்டில் காலணி வாங்குபவரின் தோலுக்கு ஒவ்வாமை வராமலிருக்க இத்தனை விரைவு இயன்ற தொழிலுக்கு, வாணியம்பாடியில் குடிநீர் இறைப்பவரின் புகாரைத் தீர்க்க நுட்பம் இல்லை, பணம் இல்லை, காலம் போதாது என்று சொல்ல வேண்டிவந்தது ஏன் என்பதற்கு, வாங்குபவர் மறுக்க முடியும், அண்டை வீட்டார் மறுக்க முடியாது என்பதைத் தவிர வேறு விளக்கம் காண்பது கடினம்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தபோது, மனுதாரர் தரப்பில் வாதாடியவர் கங்கை வழக்கின் அதே மேத்தா. மன்றத்தினர் தொழில் வேண்டாம் என்று கேட்கவில்லை. கழிவைச் சுத்திகரிக்காமல் வெளியே விடும் உரிமை எவருக்கும் இல்லை என்றே கேட்டனர். அவர்கள் திரட்டி வைத்த சான்றுகளே வழக்கின் உயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம், பதனீட்டுப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்துவிட்டதாகக் கணித்திருந்தது. பாலாற்றுக்கு வெளியே, இன்னொரு தோல் தொழில் மையமான திண்டுக்கல் பகுதியில் 13 சிற்றூர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தது தெரியவந்தது. கிணறுகளை ஒவ்வொன்றாக எண்ணிய இந்த எளிய வேலை, எந்தப் பெரிய கோட்பாட்டையும்விட நீதிமன்றத்தில் எடுபட்டது. மறுபக்கத்தில் தொழில் வைத்த எண்ணும் கனமானதே: நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்பது.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, தோல் தொழிலின் அந்நியச் செலாவணியையும் வேலைவாய்ப்பையும் ஒப்புக்கொண்டு, அவற்றின் பெயரால் சூழலை அழிக்கவும் மக்களின் நலத்துக்குக் கேடு செய்யவும் அத்தொழிலுக்கு உரிமையில்லை என்று முடிவுசெய்தது. இரண்டு கோட்பாடுகள் இத்தீர்ப்பின் வழியாக இந்தியச் சட்டத்தின் பகுதியாயின. ஒன்று முன்னெச்சரிக்கைக் கோட்பாடு: கேடு நேரும் என்பதற்கு முழுமையான அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும், தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும். மற்றொன்று மாசுபடுத்துபவரே செலவேற்கும் கோட்பாடு: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் அவருடையதே. ஐந்து மாவட்டங்களிலிருந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது; நவம்பர் இறுதிக்குள் சுத்திகரிப்பு வசதி செய்ய வேண்டும் என்றும், இழப்பை மதிப்பிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் வேண்டும் என்றும், சென்னை உயர் நீதிமன்றத்தில் சூழல் வழக்குகளுக்கெனத் தனி அமர்வு வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், காந்தியவாதி ஜெகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலும் அதே நீதிபதி இக்கோட்பாடுகளையே கையாண்டார்.

தீர்ப்பின் மையமாக நின்றது நிலைபெறு வளர்ச்சி என்ற கருத்து. நிகழ்காலத்தின் தேவைகளை நிறைவேற்றும்போது வருங்காலத்தினரின் தேவைகளுக்கு ஊறு நேராமல் பார்த்துக்கொள்ளும் வளர்ச்சி என்று 1987ஆம் ஆண்டின் புருண்ட்லாந்து அறிக்கை அதை விளக்கியிருந்தது. வளர்ச்சியும் சூழலும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற பழைய எண்ணம் இனி ஏற்கத்தக்கதன்று என்று நீதிமன்றம் இதன் துணைகொண்டு கூறியது. ஒரு வழக்கைத் தீர்க்க இந்த இணக்க உரை பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாலாற்றில் இவ்விரண்டும் எதிரெதிராகவே நின்றன என்பதற்கு நீதிமன்றம் தானே பதிவுசெய்த சான்றுகள் போதும். எந்தக் கொள்கை கூடுதல் செலாவணியைத் தந்ததோ அதே கொள்கைதான் கூடுதல் உப்பையும் தந்தது. இணக்கம் என்பது இனிமேல் பணம் செலவழித்து ஏற்படுத்த வேண்டிய ஒன்றாக இருந்ததே அன்றி, ஏற்கெனவே இருந்த ஒன்றாக இல்லை.

அந்தச் செலவின் கதை நீண்டது. சிறிய கூடங்கள் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாதென்பதால், ஒரு பகுதியின் கழிவுநீரை எல்லாம் குழாய்வழி ஓரிடத்தில் சேர்த்துத் தூய்மைப்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், மத்திய மாநில அரசுகளின் மானியத்தோடு வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய இடங்களில் எழுந்தன. அவை நாற்றத்தையும் கரிமக் கழிவையும் குரோமியத்தையும் குறைத்தன. உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது வாரியத்தின் விதி. தோல் கழிவிலோ அது பல மடங்கு மிகுதி. எனவே 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில், நுண்சவ்வுகளின் வழியே அழுத்தத்தில் நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி, ஒரு துளியும் வெளியே விடாத முறை கட்டாயமாக்கப்பட்டது. அதன் மின்செலவு பல சிறு கூடங்களை விழுங்கியது. பிரிந்த உப்போ எவருக்கும் பயனின்றி, மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்கியது. ஆற்றுக்குப் போன உப்பு இப்போது கூரைக்குக் கீழ் நிற்கிறது, அவ்வளவே.

வளர்ச்சியின் தொடக்கத்தில் சூழல் கெடும், வருமானம் ஒரு நிலையை எட்டிய பின் அது தானாகச் சீராகும் என்று 1990களின் தொடக்கத்தில் சில பொருளியலாளர்கள் ஒரு வளைகோட்டை முன்வைத்தனர். பாலாற்றங்கரை அந்த வளைகோட்டுக்குப் பொருந்தவில்லை. இங்கே நேர்ந்த ஒவ்வொரு முன்னேற்றமும் வழக்கின் வழியாக, ஆணையின் வழியாக, மூடல் அறிவிப்பின் வழியாக வந்ததே தவிர, வருமானம் உயர்ந்ததால் வந்ததன்று. கெட்டவை சிலவற்றுக்கு மீட்சியே வாய்க்கவில்லை. இராணிப்பேட்டையில் பதனீட்டுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்து 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை, இலட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை வெட்டவெளியில் குவித்துவிட்டுச் சென்றது. தோல் கூடங்களில் பயன்படும் வகையைவிட மிகவும் கொடிய ஆறிணைதிறக் குரோமியம் அதில் இருந்தது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றதற்கு அந்தக் குவியலே முதன்மைக் காரணம். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் சேற்றில் புதைந்து இறந்தனர். மாசைத் தடுக்கவென்று கட்டிய நிலையமே உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தொழிலாளர்களின் நிலை இந்த வாதத்தில் எப்போதும் சங்கடமானதாகவே இருந்துவந்திருக்கிறது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் வாழ்வைக் களமாகக் கொண்டு டி. செல்வராஜ் எழுதி, 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘தோல்’ புதினம் காட்டுவதுபோல, குழிவேலை கொடுமையும் இழிவும் நிறைந்தது. ஆயினும் நிலவுடைமையாளரின் வயலை விட்டு வெளியேறிக் கையில் கூலி பெறும் வழி அதுவாகவும் இருந்தது. பின்னர் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தன. கூடத்தை மூடு என்ற முழக்கம் இவர்களுக்கு உவப்பானதாக இருந்திருக்க முடியாது. உழவரின் இழப்பும் தொழிலாளரின் பிழைப்பும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில், எதிரெதிர் நின்றன. பாலாறு வறண்டதற்கு மேல்நிலை அணைகளும் கட்டுக்கடங்காத மணல் கொள்ளையும் காரணமல்லவா, எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று கூட உரிமையாளர்கள் கேட்டதிலும் பாதி உண்மை இருந்தது. நீரோட்டம் குறைந்ததால்தான் உப்பின் செறிவு இன்னும் கூடியது.

உச்ச நீதிமன்றம் கேட்ட ஆணையம் நீதிபதி பாஸ்கரனின் தலைமையில் அமைந்து, 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்துக்கான தன் கணக்கை வெளியிட்டது. 15,164 எக்டேருக்கு மேற்பட்ட நிலம், 29,193 பாதிக்கப்பட்டோர், ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு. சராசரியாகப் பகிர்ந்தால் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாயைக்கூட எட்டாத தொகை. நிலத்தின் பரப்பை அளவுகோலாகக் கொண்டதால், அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்து வேலையிழந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் தனித்த இடமில்லை. குடிநீருக்காகக் குடத்தோடு தொலைதூரம் நடந்த பெண்களின் நேரத்துக்கும் இல்லை. பின்னாளில் காவிரி நீரை மேட்டூர்ப் பக்கமிருந்து குழாய்களில் கொண்டுவந்து வேலூர் மாவட்ட ஊர்களுக்குக் கொடுக்கும் பெருந்திட்டம் அரசுப் பணத்தில் நிறைவேறியபோது, சொந்த ஆற்றின் இழப்பை வேறோர் ஆறும் பொதுமக்களின் வரியும் ஈடுசெய்தன.

இழப்பீட்டுத் தொகைகூட முழுமையாகவும் உரியவர்க்கும் போய்ச்சேரவில்லை என்று வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு மீண்டும் வழக்காடியது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் 2025 ஜனவரி 30 அன்று தீர்ப்பளித்தனர். எஞ்சிய இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் வழங்க வேண்டும், அத்தொகையை மாசுபடுத்திய கூடங்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும், பாலாற்றைத் தணிக்கை செய்து சீரமைக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைய வேண்டும், இவை நிறைவேறும்வரை வழக்கு நீதிமன்றத்தின் தொடர் கண்காணிப்பில் இருக்கும் என்பவை அதன் சாரம். 1991இல் முதல் மனு தாக்கலான நாளில் பிறந்த ஒருவருக்கு இத்தீர்ப்பின்போது வயது முப்பத்து மூன்றைக் கடந்திருக்கும்.